உங்கள் பெயரைச் சொன்ன பெண்கள்

இன்று காலை சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் உங்கள் பெயரைச் சொன்னாள். அடுப்பு மேடையிலிருந்து, நல்ல தெளிவான குரலில், விடாமல் சொன்னாள். உங்கள் பெயர், பிறகு 'காலிங்'. மறுபடியும் உங்கள் பெயர், பிறகு 'காலிங்'. கையில் இருந்த தேங்காய் மூடி உருண்டு போய்க் கதவோரம் நின்றது. நீங்கள் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நீங்கள் இருந்தபோதே உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் துணிச்சல் இந்த அடுப்படியில் எவளுக்கும் இருந்ததில்லை.

போன் தான் பேசியது. நம் கௌரி நேற்று ஞாயிற்றுக்கிழமை என்று திருப்பதியிலிருந்து வந்தவள், என் பழைய போனைப் பிடுங்கிக்கொண்டு புதிதாக ஒன்றைக் கையில் திணித்துவிட்டுப் போனாள். அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை என்று, யார் கூப்பிட்டாலும் அவர் பெயரை வாய்விட்டுச் சொல்லும்படி அதில் ஏதோ செய்துவைத்திருக்கிறாள். கூப்பிட்டது யாரென்றால், நம் நிலத்து மோட்டார். உங்கள் சிம்மை வீணாக்க மனசில்லாமல் மெக்கானிக்கிடம் சொல்லி ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் போட்டுவைத்தாள் உங்கள் மகள். நிலத்துக்குக் கரண்ட் வந்ததும் அந்தப் பெட்டி எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கும். நான் வீட்டிலிருந்தே மோட்டாரைப் போட்டுவிடலாம். இத்தனை நாள் வெறும் மணியாக வந்துகொண்டிருந்தது. இன்றைக்கு அதற்கு வாய் முளைத்துவிட்டது.

உங்கள் நினைவு வந்து நான் அழுதிருக்க வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வயிறு எரிந்தது. இயந்திரத்துக்குள் இருக்கிற ஒருத்தி, முகம் இல்லாத ஒருத்தி, அவள் கூட உங்கள் பெயரைச் சொல்லிவிட்டாள். கட்டிக்கொண்டு வந்தவள் நான் சொல்லவில்லை. உங்கள் பெயரைச் சொன்ன பெண்கள் வரிசையில் இவள் எத்தனையாவது ஆள் என்று துருவலைக்கூட மறந்து யோசித்துக்கொண்டு நின்றேன். சட்னி இன்று அரைக்கவில்லை.

புத்தலப்பட்டிலிருந்து குடிபாலாவுக்கு வாழ வந்தபோது எனக்குச் சொல்லி அனுப்பிய புத்திமதிகளில் பெரியது அது தான். புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது, சொன்னால் அவன் ஆயுசு குறையும். நீ பத்தாவது வரைக்கும் படித்தவள், இதை எப்படியம்மா நம்பினாய் என்று கௌரி கேட்பாள். நம்பினேனா என்று எனக்கே தெரியாது. ஆனால் நம்பாமல் சொல்லிப் பார்த்து ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? அதனால் கௌரி பிறக்கும் வரை உங்களை 'இன்னாங்க' என்றேன். அவள் பிறந்த பிறகு, கௌரிக்கு அப்பா என்று, 'கௌரி நைனா' என்றேன். ரேஷன் கடையில் வீட்டுக்காரர் பெயர் கேட்டால் கார்டை நீட்டுவேன். மாம்பழக் கூழ் கம்பெனியில் சீசன் வேலைக்குப் பெயர் எழுதும்போது பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்லி இடிப்பேன்.

அதிலும் உங்கள் அம்மா உங்களுக்கு வைத்த பெயர் என்ன சாதாரணப் பெயரா? திருமலைப் படியில் கால் வைத்ததும் ஊரே தொண்டை கிழியக் கூவுகிற பெயர். கல்யாணமான புதிதில் நடந்தே மலையேறினோமே, நினைவிருக்கிறதா? முன்னால் போகிறவர்கள் கூவ, பின்னால் வருகிறவர்கள் கூவ, மொட்டைத் தலைக் குழந்தைகள் கூடக் கூவ, நான் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு ஏறினேன். நீங்கள் என் காதோரம் வந்து, சாமியைத் தானே கூப்பிடுகிறாய், கூப்பிடு என்று சீண்டினீர்கள். நான் 'சாமி, சாமி' என்று ஒப்பேற்றினேன். உச்சிக்குப் போகும் வரை நீங்கள் சிரித்து முடிக்கவில்லை. அந்தக் கும்பலில் எல்லோரும் என் எதிரிகளாகத் தெரிந்தார்கள்.

திருப்பதியில் ஓட்டல் சமையலறையில் நின்று நின்று உங்கள் கால் வீங்கியது தான் மிச்சம். சொந்தமாக நிலம் என்று ஒரு கையகலம் இல்லாத குடும்பம் நம்முடையது. அப்போது தான் பக்கத்து ஊர்ப் பையன்கள் துபாய், மஸ்கட் என்று கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஓட்டலுக்கு வந்த ஏஜெண்டு ஒருவர் மாலத்தீவில் ஒரு விடுதி சமையலறைக்கு ஆள் வேண்டும் என்றார். கௌரி அப்போது மூன்றாம் வகுப்பு. திருப்பதி பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ் உறுமிக்கொண்டு நிற்க, அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நீங்கள் என்னிடம் வந்தீர்கள்.

"ஒரு தபா எம் பேரச் சொல்லுமே. காதுல கேட்டுக்கினு போறேன்."

"திரும்பி வாங்க. சொல்றேன்."

அப்படிச் சொன்னால் நீங்கள் கண்டிப்பாகத் திரும்பி வருவீர்கள் என்று ஒரு கணக்கு. கடன் வைத்தவனைத் தேடிக் கடைக்காரன் திரும்பத் திரும்ப வருவதில்லையா, அது மாதிரி. வருஷத்துக்கு ஒரு முறை லீவில் வந்தபோதெல்லாம் நீங்கள் கேட்டீர்கள். லீவில் வருவதெல்லாம் திரும்பி வருவதாகுமா என்று நான் தட்டிக்கழித்தேன்.

அப்புறம் வந்தது சீனண்ணாவின் எஸ்.டி.டி. பூத் காலம். அவரும் தெலுங்கில் பாதி, தமிழில் பாதியாகப் பேசுகிறவர். உங்கள் போன் வந்தால் ரோட்டில் இறங்கி நின்று உங்கள் பெயரை முழுசாகக் கூவி, அந்த வீட்டம்மா எங்கே என்று கேட்பார். தெருவே அந்தப் பெயரைக் கையில் வாங்கி என் வீட்டு வாசல் வரை கொண்டு வரும். நான் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் உங்கள் அம்மா கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றிருப்பார். அவர் பேசி, அழுது, மூக்கைச் சிந்தி முடித்த பிறகு எனக்குக் கிடைப்பது துன்னியா, கௌரி துன்னாளா என்ற இரண்டு கேள்விகள். அதற்கு நான் பதில் சொல்லி வாய் மூடுவதற்குள், உங்கள் பின்னால் எங்கேயோ ஒரு பெண் குரல் உங்கள் பெயரில் பாதியை மட்டும் வெட்டி எடுத்து, மீதியைக் கடலில் வீசிவிட்டு, செல்லமாகக் கூப்பிடும். நீங்கள் வரேன் வரேன் என்று அங்கே குரல் கொடுத்துவிட்டு இங்கே போனை வைப்பீர்கள். கூண்டை விட்டு வெளியே வரும்போது என் முகம் போகிற போக்கைப் பார்த்து, ஏதாவது கெட்ட சேதியா என்று சீனண்ணா கேட்டதுண்டு.

அந்தக் குரல் தொரசானியுடையது. வயதான வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர், புருஷன் பெண்டாட்டி. சொந்த வீட்டை விற்றுப் பாய்மரப் படகு வாங்கி, அதிலேயே குடித்தனம் பண்ணிக்கொண்டு உலகம் சுற்றுகிறவர்கள். உங்கள் விடுதி பக்கம் நங்கூரம் போட்டவர்கள் உங்கள் மிளகு ரசத்தைக் குடித்துப் பார்த்துவிட்டு உங்களையே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நம் ஊரில் அவர்கள் பெயர் யாருக்கும் வாயில் நுழையவில்லை, துரை, தொரசானி என்று வைத்துக்கொண்டோம். உங்கள் சம்பளம் நல்லபடி ஆனது. என் தூக்கம் தான் கெட்டது. அந்தம்மாவுக்கு உங்கள் அம்மா வயது என்று நீங்கள் சொன்னீர்கள். வயது எனக்கெதற்கு? நாள் முழுக்க உங்கள் பெயரைச் சொல்கிறவளுக்கு எத்தனை வயதானால் என்ன?

துறைமுகத்தில் படகு நிற்கும்போது மட்டும் தான் உங்கள் போன். நடுக்கடலில் இருந்தால் ஒன்றும் கிடையாது. அந்த நாட்களில் சித்தூருக்குப் போ என்று நீங்களே வழி சொன்னீர்கள். தொரசானி தினமும் கம்ப்யூட்டரில் எழுதுவாளாம். எங்கே போகிறோம், என்ன சமைத்தோம், காற்று எப்படி அடித்தது எல்லாம் படத்தோடு போடுவாளாம். உலகத்தில் எங்கிருந்தும் யாரும் பார்க்கலாமாம். சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து நெட் சென்டரில் லதா என்று ஒரு தெலுங்குப் பெண் இருந்தாள். அவள் தான் எனக்குத் திறந்து காட்டினாள்.

அந்த முதல் நாள் மறக்காது. படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. முதலில் வெறும் வானம். பிறகு பாய்மரத்தின் நுனி. பிறகு யாருடையதோ அகலமான ஓலைத் தொப்பி. அதற்குக் கீழே, வெகு நேரம் கழித்து, உங்கள் நெற்றி. தொரசானியின் தொப்பியைப் போட்டுக்கொண்டு, கையில் நீளமான மீனைத் தூக்கிப் பிடித்து, அத்தனை பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். நம் கல்யாணப் படத்தில் நீங்கள் சிரிக்கவே இல்லை. வீட்டில் தேடி எடுத்துப் பார்த்தேன், விறைப்பாக நிற்கிறீர்கள்.

படத்துக்குக் கீழே ஊர்பேர் தெரியாத ஜனங்கள் எழுதியிருந்தார்கள். லதா ஒவ்வொன்றாகப் படித்தாள். ஒருத்தி உங்கள் ரசத்துக்குப் பக்குவம் கேட்கிறாள், இன்னொருத்தி மீன் பெரியது என்கிறாள், எல்லோரும் உங்கள் பெயரைப் போட்டுத் தான் ஆரம்பிக்கிறார்கள்.

"அக்கா, மீ ஆயன பேரே அந்தரூ ராஸ்துன்னாரு," என்றாள் லதா பெருமையாக. எல்லோரும் உன் வீட்டுக்காரர் பெயரைத் தான் எழுதுகிறார்கள் என்று.

எழுதட்டும் என்று எழுந்து வந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் போனேன். அதற்கடுத்த வெள்ளியும் போனேன். பார்க்காமல் இருந்தால் அவர்கள் எல்லோரும் உங்களை என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று தெரியாமல் போய்விடும். பார்த்தால் சோறு இறங்காது. உங்கள் மேல் எனக்கு இருந்த பொறாமையையும் சொல்லிவிட வேண்டும். நான் கூழ் கம்பெனியில் மாங்கொட்டை நாற்றத்தோடு நிற்கையில் நீங்கள் பறக்கிற மீனைப் பார்த்தீர்கள். ராத்திரி தண்ணீரைக் கலக்கினால் வெளிச்சம் வரும் என்றீர்கள். அதையெல்லாம் எனக்குச் சொன்னது அன்பாகத் தான். கேட்கிறவளுக்கு எரியாதா?

ஒரு முறை துறைமுகத்திலிருந்து கம்ப்யூட்டரில் எழுத்தால் பேசலாம் என்று நேரம் குறித்தீர்கள். யாரோடு பேச வேண்டும் என்று பெயரை அடிக்கச் சொன்னாள் லதா. நீயே அடி என்றேன். அவள் பிடிவாதமாக மறுத்தாள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினேன். அதை அங்கே திரையில் பார்த்துவிட்டு, இப்ப வாயால சொல்லு, என்று நீங்கள் அடித்து அனுப்பினீர்கள். எழுதினால் தோஷமில்லை, சொன்னால் தான் தோஷம் என்று பதில் அனுப்பினேன். அந்தச் சட்டத்தை நான் அப்போது தான் போட்டேன்.

பிறகு அந்த மௌனம். படகு மேற்கே, செங்கடல் பக்கம் போகப் போகிறது என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். வெள்ளிக்கிழமை போனால் தொரசானி எழுதுகிற பக்கத்தில் புதிதாக ஒன்றும் இல்லை. அடுத்த வெள்ளியும் அதே பழைய படம், அதே மீன். அந்தச் சமயத்தில் தான் டி.வி.யில் அந்தக் கடலில் கொள்ளைக்காரர்கள் கப்பல்களைப் பிடித்துவைக்கிறார்கள் என்று காட்டிக்கொண்டிருந்தார்கள். உங்கள் அம்மா டி.வி.யை மூடிவிட்டு விளக்கேற்றினார். கௌரி என் முகத்தையே பார்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். மூன்றாவது வெள்ளியும் அதே மீனைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை. உயிர் போகிற காரியத்துக்கு மட்டும் என்று நீங்கள் எழுதிக் கொடுத்திருந்த படகின் சேட்டிலைட் போன் நம்பரை லதாவிடம் நீட்டினேன். அவள் போட்டுக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் யாருக்கோ காகிதம் அச்சடிக்கப் போய்விட்டாள்.

வெகு தூரத்தில் காற்று சத்தம். பிறகு தொரசானியின் குரல். ஹலோ என்றாள், யார் என்றாள். நான் ஹலோ என்றேன். யார் வேண்டும் என்று கேட்டாள். உங்கள் படகில் பாய் இழுக்கிற இரண்டு இலங்கைப் பையன்கள் வேறு இருந்தார்கள், நான் யாருடைய ஆள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? மறுபடியும் கேட்டாள். கேட்டது எனக்கு நன்றாகப் புரிந்தது. பதிலும் நாக்கின் நுனியில் நின்றது. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் நீங்கள் இருக்கிறீர்களா இல்லையா என்று தெரிந்துவிடும். கொள்ளைக்காரர்கள் திரிகிற கடலில் இருக்கும் மனிதனின் பெயரைச் சொல்லி, இருக்கிற ஆயுசையும் நானே குறைப்பதா?

"கௌரி நைனா," என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. என்ன, என்ன என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கௌரி நைனா, கௌரி நைனா என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அச்சடிக்க வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்போது அவள் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு படகு முழுக்கக் கேட்கும்படி நான் சொன்னதையே கத்தினாள். கவ்ரி நய்னா, கவ்ரி நய்னா. எங்கேயோ பாத்திரம் விழுந்தது. தடதடவென்று ஓடி வருகிற சத்தம்.

"இன்னாமே. நா இருக்கறன்."

அவ்வளவு தான், லைன் போய்விட்டது. அது போதும் எனக்கு. லதா தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். பஸ்ஸில் குடிபாலா வரும் வரை அந்த இரண்டு வார்த்தையையே மனசுக்குள் போட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு மட்டும் தொரசானி மேல் எனக்குக் கோபம் இல்லை.

கொள்ளைக்காரர்களும் கம்ப்யூட்டர் பார்ப்பார்கள், இருக்கும் இடம் தெரிந்துவிடும் என்று தான் அவர்கள் எழுதுவதை நிறுத்திவைத்திருந்தார்களாம். ஆபத்தான கடலைத் தாண்டி நல்ல துறைமுகம் சேர்ந்த பிறகு மறுபடியும் பக்கம் திறந்தது. லதா ஆசையாகப் படிக்க ஆரம்பித்து, விழுந்து விழுந்து சிரித்தாள். தொரசானி எழுதியிருந்தாள்: எங்கள் சமையல்காரருக்கு அவர் மனைவி வைத்திருக்கும் அழகான செல்லப் பெயரைக் கண்டுபிடித்துவிட்டோம், இனிமேல் எங்கள் படகிலும் அவர் கௌரி நைனா தான். அதற்குக் கீழே உலகத்து ஜனமெல்லாம் கௌரி நைனா எப்படி இருக்கிறார், கௌரி நைனாவின் ரசம் எப்படி இருக்கிறது என்று விசாரித்திருந்தார்கள். தொரசானிக்கும் நீங்கள் நைனா, எழுபது வயது துரைக்கும் நீங்கள் நைனா. லதாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் பெயரைத் தான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், போகட்டும் என்று விட்டேன். எனக்கென்று ஒன்றே ஒன்று வைத்திருந்தேன், அதையும் நானே போனில் கூவிக் கொடுத்துவிட்டேனே. அடுத்த முறை நீங்கள் பேசியபோது என் கையில் சின்ன நோக்கியா போன் வந்துவிட்டது, கூண்டும் இல்லை, காத்திருக்கும் வரிசையும் இல்லை. அதனால் நன்றாகச் சண்டை போட்டேன்.

"அது ஒண்ணு தான் என்னுதுன்னு வெச்சிக்கினு இருந்தேன். அதையும் அவங்களுக்குக் குட்த்துட்டீங்களா?"

நீங்கள் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டீர்கள். பின்னால் தண்ணீர் படகில் தட்டுகிற சத்தம் கேட்டது.

"இப்ப எம் பேர யாரும் சொல்றதில்ல. சும்மா தான்மே கெடக்குது. நீ எத்துக்கோ."

அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும். திரும்பி வாங்க என்றேன்.

கௌரி காலேஜில் சேர்ந்த வருஷம் ஒரேயடியாக வந்துவிட்டீர்கள். துரைக்கு முடியாமல் போய்ப் படகை விற்றுவிட்டார்கள். தொரசானி எழுதிய கம்ப்யூட்டர் பக்கமும் மூடிக்கொண்டது. நீங்கள் ஊரை ஒட்டி நிலம் வாங்கி, போர் போட்டு, மாஞ்செடி வைத்தீர்கள். தண்ணீர் வாய்க்காலில் ஓடும்போது குந்தி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கடல் நினைப்பா என்று கேட்டால் இல்லை என்பீர்கள். எனக்கு அப்போதும் கரிக்கும். வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்தால் உங்களுக்குப் பேச்சு வராது. நிலத்துக்குப் போய் அங்கிருந்து எனக்கு மிஸ்டு கால் கொடுப்பீர்கள், நான் திரும்பக் கூப்பிட்டால் கதை கதையாக வரும். வரப்பில் நின்றுகொண்டு, அடுப்படியில் இருக்கும் என்னிடம், என்றோ பார்த்த திமிங்கலத்தைப் பற்றிப் பேசுவீர்கள். அத்தனை வருஷம் போனிலேயே குடும்பம் நடத்தியதில் அந்த வழக்கம் ஒட்டிக்கொண்டது போல. பேச்சு முடியும்போது மறக்காமல் கேட்பீர்கள்.

"வந்துட்டன் இல்ல. எப்ப சொல்லுவ?"

சொல்லியிருக்கலாம். தைரியம் வரவில்லை. கடலிலிருந்து முழுசாகக் கிடைத்த மனிதன், இப்போது சொல்லி எதையாவது கெடுத்துக்கொள்வானேன் என்று இருந்தேன்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் உங்களைப் படுக்க வைத்தபோது, ஒரு சின்ன நர்சுப் பெண், கௌரியை விடச் சின்னவள், ஊசி போட வரும்போதெல்லாம் உங்கள் பெயரைச் சொல்லி எழுப்பினாள். நெஞ்சு நோயில் கிடந்தவர், நீங்கள் என்ன செய்தீர்கள்? அவள் பெயரைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் முகமூடிக்கு மேலே கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தீர்கள். பார், இவள் கூடச் சொல்கிறாள் என்கிற பார்வை. எனக்குப் பயத்திலும் பொறாமை வந்தது. அவள் போனதும் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன்.

"வூட்டுக்கு வாங்க. சத்தியமா சொல்றேன்."

நீங்கள் தலையசைத்தீர்கள். வீட்டுக்கும் வந்தீர்கள், வண்டியில், வெள்ளைத் துணி போர்த்தி. தெருவே உங்கள் பெயரைச் சொல்லி அழுதது. எனக்கு வாய் திறக்கவில்லை. சேதி கேட்டுத் தொரசானி கௌரி போனுக்குக் குரலில் பேசி அனுப்பியிருந்தாள். இப்போது தனியாக ஏதோ ஊரில் தரையில் வீடு எடுத்து இருக்கிறாளாம். நடுங்கும் கிழக் குரலில் கவ்ரி நய்னா, கவ்ரி நய்னா என்று அழுதாள். நான் அழ வேண்டிய சொல்லை எடுத்து என்னை விட நன்றாக அவள் அழுகிறாள் என்று அப்போதும் எனக்குப் பட்டது. ஆனாலும் அதை அழிக்க வேண்டாம் என்று கௌரியிடம் சொல்லிவைத்தேன்.

இதெல்லாம் இன்று காலை அந்த இயந்திரக்காரி கிளப்பிவிட்டது. மணி ஓய்ந்ததும் கௌரியைக் கூப்பிட்டுத் திட்டினேன். அவள் சிரித்து, ஆஸ்பத்திரி லேபில் இருக்கிறேன், மத்தியானம் சொல்லித் தருகிறேன், அந்தக் குரலையே நிறுத்திவிடலாம் என்றாள். மத்தியானத்துக்குள் நான் யோசித்துவிட்டேன். குரல் இருக்கட்டும், கண் தெரியாதவளுக்கு உதவும். உன் நைனா நம்பருக்கு மட்டும் பெயரை மாற்று என்றேன். என்ன வைக்க என்று கேட்டாள். கௌரி நைனா என்று வை என்றேன். எங்கே அழுத்த வேண்டும் என்று ஸ்பீக்கரில் அவள் சொல்லச் சொல்ல, போனைக் கண்ணருகே பிடித்து நானே அழுத்தினேன். உங்கள் பெயர் எழுத்து எழுத்தாக அழிந்து போவதைப் பார்த்தேன்.

சாயங்காலம் நிலத்துக்குப் போனேன். செடிகள் எல்லாம் என் தலைக்கு மேலே வளர்ந்துவிட்டன. வாய்க்கால் காய்ந்து கிடந்தது. வரப்பில் நீங்கள் நின்று பேசுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தேன். மடியில் போன் அலறியது. கவ்ரி நய்னா காலிங் என்றாள் அவள். அதே தொரசானி மாதிரி தான் சொல்கிறாள். சொல்லிவிட்டுப் போகட்டும், அதை ஊருக்கே விட்டுவிட்டேன். மோட்டாரைப் போட்டேன். குழாய் இருமி, காற்றைத் துப்பி, தண்ணீர் வந்தது.

இனிக் குறைவதற்கு உங்களிடம் ஆயுசு இல்லை. எனக்குப் பயப்பட ஒன்றுமில்லை. உங்கள் பெயர் முதலில் காற்றாகத் தான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் முழுசாக, பாதியாக வெட்டாமல், சொன்னேன். பக்கத்து நிலத்தில் புல் அறுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். சாமியைக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டாள்.

நீங்கள் கொடுத்ததை எடுத்துக்கொண்டேன். வந்தால் சொல்கிறேன் என்றேன். கரண்ட் வரும்போதெல்லாம் வருகிறீர்கள், சொல்கிறேன்.